அத்தியாயம் 7: வாய்க்குப் பொருந்தும் பிட், பக்கநடைக்கு முதல் பாடம்

பிட் பொருத்துவதையும் பக்கவாட்டு நடை பழக்குவதையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. "இடது பக்கம் நன்றாக நகர்கிறது, வலது பக்கம் மட்டும் முரண்டு பிடிக்கிறது" என்று குதிரையைக் கொண்டுவருபவரிடம் காலை எங்கே வைக்கிறீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. குதிரையின் வாயைப் பார்ப்பேன். வாயில் வலி உள்ள குதிரை அந்தப் பக்கம் லகான் இறுகும்போது தலையைச் சாய்க்கும், கழுத்தை முறுக்கும், தோளை வெளியே தள்ளும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது காலுக்குக் கீழ்ப்படியாத குதிரையாகத் தெரியும். அவர் இன்னும் பலமாக உதைப்பார், லகானை இன்னும் இறுக்குவார். பாடம் அங்கேயே கெட்டுவிடும்.

வாய்க்குள் என்ன இருக்கிறது

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. பிட் உட்காருவது அங்கேதான். உதட்டோரத்தில் கட்டைவிரலை நுழைத்தால் கடிபடாமல் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கலாம். கீழ்த்தாடையில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மேலே மெல்லிய ஈறு, அதற்கு அடியிலேயே எலும்பு. சதைப்பற்றே கிடையாது. எலும்பும் தட்டையாக இராது, விளிம்பாக எழும்பி நிற்கும். சில குதிரைகளில் அந்த விளிம்பு கூராகவே படும். பழைய காயம் ஆறி எலும்பு முண்டு கட்டியிருந்தால் அதுவும் விரலுக்குத் தட்டுப்படும். அப்படிப்பட்ட வாய்க்கு எந்தக் கடையிலும் மந்திர பிட் கிடைக்காது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இரண்டு பக்க ஈறுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நாக்கு நிரப்பிக்கொண்டு மேலேயும் புடைத்திருக்கும். வாய் மூடியிருக்கும்போது நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே காலியிடம் அநேகமாக இல்லை. ஹிலரி கிளேட்டன் என்ற கால்நடை ஆய்வாளர், பிட் போட்ட குதிரைகளின் வாயை ஊடுகதிர்ப் படங்களில் பார்த்து இதைத் தெளிவாக்கினார். பிட் எப்போதும் நாக்கை அமுக்கிக்கொண்டுதான் கிடக்கிறது. 'தடித்த பிட் மென்மையானது' என்று லாயங்களில் சொல்வது பாதி உண்மைதான் என்பது இதிலிருந்து விளங்கும். தடித்தால் அழுத்தம் பரவும், சரி. ஆனால் நாக்கு தடித்த, அண்ணம் தாழ்ந்த குதிரைக்கு அதே பிட் வாய் நிறைய அடைத்துக்கொள்ளும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரஸ்ஸாஜ் விதிப்படி நெம்புகோல் இல்லாத ஸ்நாஃபிள் பிட் குதிரைக்குக் குறைந்தது 14 மில்லிமீட்டர், போனிக்கு 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். பெரும்பாலான குதிரைகளுக்கு 14 முதல் 16 வரை போதும். அதைத் தாண்டிப் போவதற்கு எனக்கு இதுவரை காரணம் தென்பட்டதில்லை.

அடுத்தது பல். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால் சிறு கூழாங்கல் போல ஒரு பல் சில குதிரைகளுக்கு முளைக்கும். ஓநாய்ப் பல் என்பார்கள். பிட் அதில் இடித்தால் குதிரை தலையை உதறும். மருத்துவர் அதை எடுத்துவிடலாம். ஆண் குதிரைகளுக்கு நான்கு, ஐந்து வயதில் கோரைப்பல் வரும். பிட் தாழ்ந்து தொங்கினால் அதில் மோதும். இரண்டரை வயதிலிருந்து நான்கு வயது வரை கடைவாய்ப் பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும். குதிரைக்கு பிட் பழக்குவதும் அதே வயதில்தான். ஒரு வாரம் நன்றாக இருந்த குட்டி அடுத்த வாரம் பிட்டையே வெறுத்தால் பல்லைப் பாருங்கள், பிரம்பைத் தேடாதீர்கள். வளர்ந்த குதிரைக்கும் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய முளைத்துவந்து, மேல்வரிசையில் கன்னத்துப் பக்கமும் கீழ்வரிசையில் நாக்குப் பக்கமும் கூர்முனை விடும். வருடத்துக்கு ஒரு முறையாவது அரம் போட வேண்டும்.

அளவெடுத்தல்

விரல் தடிமனில் வழவழப்பான மரக்குச்சி ஒன்று, ரப்பர் வளையம் இரண்டு. பிட் கிடக்கும் இடத்தில் குச்சியை வாயின் குறுக்கே வைத்து, இரு உதட்டோரங்களையும் ஒட்டி வளையங்களை நகர்த்துங்கள். வெளியே எடுத்து நடுத்தூரத்தை அளந்தால் அதுதான் வாயின் அகலம். வளையம் பிட்டுக்குள் நழுவும் லூஸ் ரிங் என்றால் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். வளையம் அசையாமல் பொருத்திய எக்பட் என்றால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் போதும். பந்தய இனமான தரோபிரெட்டுக்குப் பெரும்பாலும் 5 அங்குலத்துக்கும் 5½ அங்குலத்துக்கும் இடையே வரும். மார்வாரி, காத்தியவாரிக்குச் சற்றுக் குறையலாம். இனத்தை நம்பி வாங்காதீர்கள், குச்சி சொல்வதை நம்புங்கள்.

குறுகிய பிட் உதட்டைக் கிள்ளும். அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அகன்ற பிட் செய்யும் கேடுதான் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு லகானை இழுத்ததும் அகன்ற பிட் வாய்க்குள் வழுக்கி அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், நடு மூட்டு ஓர் ஈற்றின்மேல் போய் உட்காரும். நேராகப் போகும்வரை இது தெரியாது. பக்கநடை தொடங்கிய அன்று, லகான்கள் இரண்டும் வேறு வேறு வேலை செய்யும்போது, ஒரு பக்கம் மட்டும் குதிரை வாயைப் பிளக்கும்.

உயரத்துக்கு, உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் என்பது பழைய கணக்கு. ஒன்றோ இரண்டோ என்று சண்டை போடுவதில் பயனில்லை. சிலருக்கு உதடு தடிமன், சுருக்கமே விழாது. சிலருக்குத் தொட்டாலே மூன்று விழும். பிட் கோரைப்பல்லுக்கு மேலே, கடைவாய்ப் பல்லுக்கு முன்னே, ஈற்றின்மேல் அசையாமல் இருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான் சரியான வழி. கன்னவாரை ஒரு துளை மாற்றினால் மறுபக்கமும் ஒரு துளை மாற்றுங்கள். ஒரு பக்கம் நான்காவது துளை, மறுபக்கம் ஐந்தாவது என்று ஓடிக்கொண்டிருக்கும் கடிவாளங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குதிரைகளைத்தான் 'கோணக் கழுத்து' என்பார்கள்.

மூக்குவாரை, மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி மாட்டுங்கள். விரலைக் கன்னத்துப் பக்கம் நுழைத்துப் பார்த்துவிட்டு 'தளர்வுதான்' என்று சொல்லக் கூடாது. அங்கே சதை இருக்கிறது, எப்படியும் நுழையும். வாயைப் பிளக்கிறதே என்று மூக்குவாரை இறுக்குபவர், வலிக்கிறது என்று சொல்லும் வாயைத்தான் கட்டுகிறார்.

எந்த பிட்

பக்கநடை பழக்க என் தேர்வு இரட்டை மூட்டு எக்பட் ஸ்நாஃபிள். நடுவில் கடலைப்பருப்பு வடிவத் துண்டு உள்ளது. ஒற்றை மூட்டு பிட் இரண்டு லகானையும் சேர்த்துப் பிடித்தால் வி வடிவில் மடிந்து நாக்கைப் பக்கங்களிலிருந்து நெருக்கும். இரட்டை மூட்டில் அந்த நெருக்கல் குறைவு. பிட்டைக் கவ்விக்கொண்டு கைமேல் சாயும் குதிரைக்கு லூஸ் ரிங் உதவும், ஏனென்றால் சாய்வதற்கு அது நிலையாக நிற்காது. திருப்பத்தையே அறியாத குட்டிக்கு வளையத்தின் மேலும் கீழும் கம்பி நீண்ட ஃபுல் சீக் நல்லது. வெளிக் கன்னத்தில் அந்தக் கம்பி பட்டுத் திசை சொல்லும்.

நெம்புகோல் பிட்டுகளை, அதாவது தாடைச் சங்கிலியோடு வரும் பெல்ஹாம், கர்ப் வகைகளை, இந்த அத்தியாயம் முடியும்வரை ஆணியிலேயே விட்டுவையுங்கள். அவை வாயோடு பிடரியையும் தாடையையும் சேர்த்து அழுத்தும். இடது வலது என்று பிரித்துச் சொல்ல அவற்றால் முடியாது. பக்கநடையின் பாடமே அந்தப் பிரிப்புதான்.

முள் பிட் பற்றி ஒரு வரி. கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயில் இன்னும் அதைப் பார்க்கலாம். இழுவை, சுமை விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகள் முள்ளோ முனையோ உள்ள பிட்டைத் தடை செய்திருக்கின்றன. உங்கள் லாயத்தில் பழைய சாமான்களோடு ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை. குளிர்நாட்டுப் புத்தகங்கள் பிட்டைக் கையில் வைத்துச் சூடாக்கி மாட்டச் சொல்லும். இங்கே மதிய வெயில் படும் சுவரில் தொங்கிய பிட் உள்ளங்கையைச் சுடும், நாக்கை எப்படி விடும்? தண்ணீரில் முக்கி எடுத்து மாட்டுங்கள். ஏறி இறங்கிய பிறகும் அதே வாளியில் கழுவுங்கள். எச்சிலும் புல்லும் காய்ந்து ஒட்டிய விளிம்புதான் உதட்டோரப் புண்ணுக்குப் பாதிக் காரணம். லூஸ் ரிங்கில் வளையம் நுழையும் துளை தேய்ந்து கூராகியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரை

தமிழ்நாட்டுச் சவாரிப் பள்ளிக் குதிரைகளில் பாதிக்கும் மேல் கிண்டி, ஊட்டி, பெங்களூரு பந்தயங்களிலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட்டுகளாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இவற்றுக்கு இரண்டு விஷயங்களை மறக்கடிக்க வேண்டும். ஒன்று, லகானை இறுக்கினால் அதன்மேல் சாய்ந்து ஓடு என்பது அவை கற்ற பாடம். 'வாய் கெட்டுப்போச்சு, வலுவான பிட் போடு' என்று குதிரையைப் பராமரிக்கும் சைஸ் சொல்வார். கேட்காதீர்கள். வலுவான பிட்டின் மேலும் அது சாயும், வலியோடு சாயும். நீண்ட லகானில் வாரக்கணக்கில் நடக்கவிடுங்கள். இரண்டாவது, ஜாக்கிகள் அங்கவடியைத் தூக்கிக் கட்டி, முழங்காலை மடித்து உட்காருகிறார்கள். வயிற்றோடு ஒட்டித் தொங்கும் நீண்ட கால் இந்தக் குதிரைக்குப் புதிது. கணுக்கால் பட்டதும் அது 'ஓடு' என்றே எடுத்துக்கொள்ளும். 'நகரு' என்ற அர்த்தமே அதனிடம் இல்லை. எனவே கீழே சொல்லும் முதல் படியைத் தரையில் நின்றபடிதான் தொடங்க வேண்டும்.

தரையில் முதல் படி

குதிரையைச் சுவரோரமாக அல்லாமல் வெட்டவெளியில் நிறுத்தி, தலைப்பக்கம் நின்று, சவாரியின்போது உங்கள் கால் படும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விரல்நுனியால் அழுத்துங்கள். தள்ளாதீர்கள். தள்ளினால் குதிரை எதிர்த்துத் தள்ளும், உங்களைவிட நானூறு கிலோ கூடுதல் எடையோடு. அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்து. பின்னங்கால் ஒரு எட்டு குறுக்கே வைத்ததும் விரலை எடுத்துக் கழுத்தைத் தட்டிக்கொடுங்கள். அதையே முதுகில் ஏறி, நின்ற இடத்திலிருந்து செய்தால் முன்னங்காலைச் சுற்றிப் பின்பகுதி திரும்பும் பாடம். இரண்டு மூன்று எட்டு போதும்.

லெக்-யீல்டு

பக்கநடைகளில் எளிது இதுதான். குதிரையின் உடல் நேராக இருக்கும், போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் பிடரியில் மட்டும் லேசான திருப்பம், உள்ளே உள்ள கண்ணின் இமை தெரியும் அளவுக்கு. உள்பக்கம், வெளிப்பக்கம் என்பதை இங்கே திருப்பத்தை வைத்துச் சொல்கிறேன், சுவரை வைத்து அல்ல.

களத்தின் நீளச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் உள்ளே ஒரு கோட்டில் நடையில் வாருங்கள். சுவர் எந்தக் குதிரையையும் தானாக இழுக்கும். அந்த இழுப்பு உங்களுக்குச் சாதகம். உள்கால் அழுத்த, வெளி லகான் தோளைத் தாங்க, முன்னேறியபடியே சாய்வாகச் சுவரை நோக்கி நகர வேண்டும்.

காலை எப்போது அழுத்துவது என்பதில்தான் பாதி வித்தை. பின்னங்கால் தரையில் ஊன்றியிருக்கும்போது அழுத்தினால் குதிரையால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கால் எழும் நேரத்தில் அழுத்தினால் குறுக்கே வைக்கும். கண்ணால் பார்க்காமல் அதை அறிவது எப்படி? நடையில் இடது பின்னங்கால் முன்னே வரும்போது வயிறு வலப்பக்கம் ஆடும், உங்கள் இடது இடுப்பு சற்றே இறங்கும். இறங்கும் அந்த நொடிதான் உங்கள் இடது காலின் முறை. பிடிபடவில்லையா, இடது தோளைப் பாருங்கள். அது பின்னோக்கிப் போகும்போது இடது பின்னங்கால் காற்றில் இருக்கும். இரண்டு நாள் வேறொன்றும் செய்யாமல் நடையில் 'இடது, வலது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினாலும் நேரம் வீணில்லை. எல்லா எட்டிலும் காலை நசுக்கிக்கொண்டே இருப்பவரின் குதிரைக்கு விலாவில் தோல் மரத்துப்போகும்.

ஷோல்டர்-இன்

இந்தப் பாடத்தை நமக்கு எழுதிவைத்தவர் பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசான் பிரான்சுவா ரோபிஷோன் த லா கெரினியேர். அவருடைய 'எகோல் த கவலரி' 1733-இல் வந்தது. அவருக்கு முன்னால் இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு குதிரைத் தோளைத் தளர்த்த வட்டத்தில் வேலை வாங்கினார். லா கெரினியேர் அதை வட்டத்திலிருந்து எடுத்து நேர்ச்சுவரில் ஓட்டினார். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி இன்றும் அவர் வழியில்தான் குதிரை பழக்குகிறது.

மூலையில் 10 மீட்டர் வட்டம் ஒன்று போடுங்கள். வட்டம் முடிந்து சுவரைத் தொட்டதும், இரண்டாவது வட்டம் போடப்போவதுபோலத் தோள் ஒரு எட்டு உள்ளே வரும். அங்கே வெளி லகானால் 'போதும்' என்று தடுத்து, உள்காலால் சுவரோரமாகவே முன்னே அனுப்புங்கள். தோள் உள்ளே, பின்பகுதி சுவர்த்தடத்தில், சுவரோடு ஏறக்குறைய 30 பாகைக் கோணம். உடல் உங்கள் உள்காலைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். நான்கைந்து எட்டு கிடைத்ததும் மறுபடி வட்டத்துக்குப் போய்விடுங்கள், அல்லது நேராக்குங்கள். சுவரின் முழு நீளமும் கேட்பது பேராசை.

எல்லோரும் செய்யும் தவறு உள் லகானில் இருக்கிறது. மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல உள் லகானை இழுத்தால் கழுத்து மட்டும் மடங்கும், வெளித்தோள் பிதுங்கி நேராகவே போகும். வளைவு வந்துவிட்டதாக மேலே இருப்பவருக்குத் தோன்றும். இதற்கு எளிய சோதனை, உள் லகானை இரண்டு எட்டுக்குத் தளர்த்திக் கொடுப்பது. கழுத்து உடனே நேரானால் வளைவு உங்கள் கையில் இருந்தது, குதிரையின் உடலில் இல்லை.

இன்னொரு சோதனைக்குக் கண்ணாடியும் வேண்டாம், பார்த்துச் சொல்ல ஆளும் வேண்டாம். காலையில் சைஸ் மணலை வாரியால் இழுத்துச் சமப்படுத்தியதும் முதல் ஆளாகக் களத்துக்குப் போய், சுவரோரமாக ஒரே ஒரு முறை ஷோல்டர்-இன் ஓட்டிவிட்டு இறங்கி வந்து குளம்புத் தடங்களைப் படியுங்கள். மூன்று வரிசை தெரிந்தால் சரி: சுவரோரம் வெளிப் பின்னங்கால், நடுவில் உள் பின்னங்காலும் வெளி முன்னங்காலும் ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ளே உள் முன்னங்கால். இரண்டே வரிசை என்றால் கழுத்தைத்தான் மடக்கினீர்கள். நான்கு வரிசை தெளிவாகப் பிரிந்து, பின்னங்கால்கள் ஒன்றையொன்று தாண்டியிருந்தால் கோணம் மிகுந்துபோய் லெக்-யீல்டு ஆகிவிட்டது. எட்டுகளின் நீளத்தையும் பாருங்கள். நேர்நடைத் தடத்தைவிடக் குறுகியிருந்தால் குதிரை முன்னேறுவதை நிறுத்திவிட்டது. அன்று பக்கநடையை விட்டுவிட்டு டிராட்டில் நேராக ஓட்டுங்கள்.

தலை சாய்கிறதா என்று காதுகளைப் பாருங்கள். ஒரு காது மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் சாய்கிறது. இரு திசையிலும் இதே தொல்லை என்றால் பெரும்பாலும் கையின் பாரம் அல்லது பிட். ஒரே திசையில் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துப் பல், கன்னவாரின் துளை, அதற்குப் பிறகு குதிரையின் இயல்பான கோணல் என்ற வரிசையில் தேடுங்கள். எல்லாக் குதிரைக்கும் நம்மைப் போலவே கைப்பழக்கம் உண்டு. கடினமான பக்கத்தைக் குறைந்த நேரமும் அதிக முறையும் பழக்குங்கள்.

டிராவர்ஸும் ஹாஃப்-பாஸும்

டிராவர்ஸில் தோள் சுவரோரம் இருக்க, பின்பகுதி உள்ளே வரும். இங்கே வளைவு போகும் திசையை நோக்கி. கோணம் சுமார் 35 பாகை, தடம் நான்கு. ஷோல்டர்-இன் இரு திசையிலும் நிலைத்த பிறகே இதைத் தொடுங்கள். பின்பகுதியைக் கோணலாக வைத்துக்கொள்ள எந்தக் குதிரைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்துக்கு நீங்களும் அனுமதி கொடுத்துவிட்டால் நேராக்குவது பெரும்பாடு.

சுவர் இல்லாமல் மூலைவிட்டக் கோட்டில் டிராவர்ஸ் ஓட்டினால் அதுதான் ஹாஃப்-பாஸ். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றதே, அந்தத் தேர்வுகளில் மதிப்பெண் வாங்கித்தரும் அசைவுகளில் இதுவும் ஒன்று. மூலையைத் தாண்டியதும் ஷோல்டர்-இன்னில் இரண்டு எட்டு எடுத்து, எதிர்மூலையைப் பார்த்தபடி வெளிக்காலைச் சற்றுப் பின்னே வைத்து அழுத்துங்கள். உங்கள் எடை போகும் பக்கத்து உட்கார்வெலும்பில் இருக்கட்டும். பெரும்பாலோர் வெளிக்காலால் தள்ளும் முயற்சியில் எதிர்ப்பக்கம் சரிந்துவிடுகிறார்கள். பின்பகுதி தோளை முந்தினால் உடனே கோணத்தை விட்டு ஷோல்டர்-இன்னுக்குத் திரும்புங்கள். முந்தவிட்டுப் பிறகு திருத்தலாம் என்று காத்திருக்க வேண்டாம். நடையில் ஆறு எட்டு சுத்தமாக வந்ததும் டிராட்டில் கேளுங்கள். கேன்டரில் கேட்பதற்கு முன் பறக்கும் கால் மாற்றம் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் களத்தில் நிற்கட்டும்.